காவல் நாய் யார் பேச்சைக் கேட்கும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவர் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஒரு சாயங்காலம் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்தார். கையில் புதிதாக வாங்கிய போன். அவர் கேட்காமலே அதில் ஏழெட்டுச் செயலிகள் குடியிருந்தன. ஒன்று கடன் தருகிறேன் என்று கூப்பிட்டது. இன்னொன்று நேரம் காலம் இல்லாமல் விளம்பரம் காட்டியது. எதையும் அழிக்க முடியவில்லை.

“தம்பி, முழுசா காசு குடுத்து வாங்குன போன். இதுல ஒரு ஆப்ப அழிக்க எனக்கு உரிமை இல்லன்னா, இது யாரு போனு?” என்று கேட்டார். கூடவே, யாரோ சொன்ன வைத்தியத்தையும் சொன்னார்: “ரூட் பண்ணிட்டா எல்லாம் சரியாயிரும்ங்கிறாங்க. பண்ணிக் குடுங்க.”

அவர் கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம். அவர் கேட்ட வைத்தியம்தான் ஆபத்து. ஏன் என்று அவருக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வேர்

நம் ஊர்ப் பேச்சில் ரூட் என்றால் பஸ் போகும் வழி. கணினிக்காரர்களுக்கு அது வேர். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார்கள். அப்போது ஒரு கணினியைப் பலர் பங்கு போட்டுக்கொண்டு பயன்படுத்தினார்கள். ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் அழித்துவிடக் கூடாது. அதற்காக யூனிக்ஸ் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் கொடுத்தது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உரிமையாளர் எண்ணை எழுதி வைத்தது. யார் எதைப் படிக்கலாம், எதை மாற்றலாம் என்பதை அந்த எண்ணைப் பார்த்தே இயங்குதளம் முடிவுசெய்யும்.

ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது 0. அந்த எண்ணுக்கு உரியவர் பெயர் ரூட். கோப்புகளை யூனிக்ஸ் ஒரு மரம்போல அடுக்குகிறது. அந்த மரத்தின் அடிவேர் வரைக்கும் கை வைக்கக் கூடியவர் ரூட். அவர் வந்தால் எந்தக் கதவும் கேள்வி கேட்காது.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இதே ஏற்பாட்டைப் பின்பற்றியது. 2008-ல் கடைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் அந்த லினக்ஸின் மேல் எழுப்பப்பட்டது. ஆக, நம் சட்டைப் பையில் இருக்கும் போனுக்குள்ளும் 0 என்ற எண்ணுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. ரூட் பண்ணுவது என்றால் அந்த நாற்காலியில் நாமே போய் உட்காருவது.

தேரும் முட்டுக்கட்டையும்

ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ரத வீதியில் வருவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த விஷயம் எளிதில் புரியும். வடம் பிடிக்க ஆயிரம் கைகள் வரும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மட்டும் பழகிய சிலரே. வடம் பிடிப்பவர் கட்டையைத் தொடமாட்டார், கட்டை போடுபவர் வடத்தைத் தொடமாட்டார். தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தக் கட்டைகளால் நடக்கிறது. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் இடைஞ்சல். தேரோட்டத்தில் அதுதான் உயிரைக் காப்பது.

கணினிப் பாதுகாப்பின் அடிப்படை விதியும் இதுவே. அவரவர் வேலைக்கு வேண்டிய அதிகாரத்தை மட்டும் கொடு, ஒரு துளியும் கூடுதலாகக் கொடுக்காதே. அமெரிக்காவின் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைத் தெளிவான விதியாக வகுத்தார்கள். இன்றைக்கும் இந்தத் துறையில் படிக்க வருகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

போன் என்று வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. யூனிக்ஸ் காலத்தில் ஒரு கணினிக்குப் பல ஆட்கள். போனுக்கு ஓர் ஆள்தான். அப்புறம் எதற்கு இத்தனை எண், இத்தனை வேலி?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த போன் ஒன்று உண்டு. தைவானிலிருந்து வந்த ஓப்பன்மோக்கோ. ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வருவதற்கு முன்பே, 2007-ல் நியோ 1973 என்ற போனையும் அடுத்த ஆண்டு நியோ ஃப்ரீரன்னரையும் அது கொண்டுவந்தது. கையடக்கத் தொலைபேசியில் முதல் அழைப்பு நடந்த ஆண்டு 1973, பெயர்க் காரணம் அதுதான். இயங்குதளத்தின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். போனின் வெளிக்கூட்டு வரைபடங்களைக்கூட வெளியிட்டார்கள். கட்டற்ற மென்பொருளை நேசித்தவர்களுக்கு அது ஒரு கனவு. ஆனால் அதன் தொடக்ககால மென்பொருளில் முகவரிப் புத்தகம், உலாவி, விளையாட்டு எல்லாமே ரூட் அதிகாரத்தில் ஓடின. என் போன், நான் ஒருவன், எனக்கு எதற்கு வேலி என்ற எண்ணம் அதில் இருந்தது.

அந்த எண்ணத்தில் விடுபட்டது ஒன்று. போனைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர்தான். உள்ளே ஓடும் நிரல்களை எழுதியவர்கள் பல ஆயிரம் பேர். உலாவியில் ஓர் ஓட்டை இருந்து, மோசமான ஒரு வலைப்பக்கம் அதன் வழியாக நுழைந்தால், அந்தப் பக்கத்தை எழுதியவரும் அந்த நொடியிலிருந்து எண் 0.

ஆண்ட்ராய்டு இதற்கு வேறு விடை கண்டது. ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய எண்ணைச் செயலிகளுக்குக் கொடுத்தது. நாம் நிறுவும் ஒவ்வொரு செயலியும் 10000-லிருந்து தொடங்கும் ஓர் எண்ணைப் பெறுகிறது. போனைப் பொறுத்தவரை வாட்ஸ்அப் ஓர் ஆள், வங்கிச் செயலி வேறோர் ஆள். ஒருவர் அறைக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது. பணம் எடுக்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று என்று ஒரே போனில் நாம் பயமில்லாமல் வைத்திருப்பதற்குக் காரணம், யூனிக்ஸ் வகுத்த அந்த எண் விதியை இப்படித் திருப்பிப் போட்ட யோசனைதான்.

சாவியைத் திருப்பிக் கொடுக்காத ஆள்

வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஒரு சின்ன மறதி போதும். 2010-ல் நடந்தது அதற்குச் சான்று.

போனைக் கேபிளில் கணினியோடு இணைத்தால் பேசுவதற்கு ஏ.டி.பி. என்ற ஒரு துணை நிரல் ஆண்ட்ராய்டில் உண்டு. அது எழுந்திருக்கும்போது ரூட்டாக எழுந்திருக்கும். தொடக்க வேலைகளை முடித்தவுடன் தன் அதிகாரத்தைத் தானே இறக்கி வைத்து, 2000 என்ற சாதாரண எண்ணுக்கு மாறிக்கொள்ளும். காலையில் மில்லின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, சாவிக் கொத்தை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போகும் ஆள் மாதிரி.

ஓர் எண்ணின் பெயரில் ஒரே நேரத்தில் இத்தனை நிரல்கள்தான் ஓடலாம் என்று லினக்ஸில் ஒரு வரம்பு உண்டு. செபாஸ்டியன் கிராமர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அதைப் பயன்படுத்தினார். 2000 என்ற எண்ணின் பெயரில் வரம்பு நிறையும்வரை நிரல்களைப் பெருக்கிக்கொண்டே போனார். பிறகு ஏ.டி.பி.யை நிறுத்தினார். அது மறுபடி ரூட்டாக எழுந்தது. 2000-ஆக மாறப் பார்த்தது. அங்கே இடமில்லை என்று லினக்ஸ் மறுத்துவிட்டது. ஏ.டி.பி.யோ அந்தப் பதிலைக் காதில் வாங்கவே இல்லை. மாறிவிட்டோம் என்ற நினைப்பில், எண் 0-ஆகவே தொடர்ந்து ஓடியது. ஆபீஸ் வாசலில் கூட்டம், அதனால் சாவிக் கொத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார் அந்த ஆள். மாற்றம் நடந்ததா இல்லையா என்று ஒரே ஒரு முறை சரிபார்த்திருந்தால் போதும், இந்த ஓட்டை இருந்திருக்காது.

தங்கள் போனை ரூட் செய்ய விரும்பியவர்கள் இதைக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு, 2011 மார்ச்சில், டிராய்டுட்ரீம் என்ற தீநிரல் பிடிபட்டது. கூகுளின் செயலிச் சந்தையிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளில் அது ஒளிந்திருந்தது. போனுக்குள் வேர்வரை போக அது எடுத்துக்கொண்ட வழிகளில் இதே ஓட்டையும் ஒன்று. வீட்டுக்காரர் வசதிக்காக உடைத்த சுவர் வழியாகவே திருடனும் வந்தான்.

அதன்பிறகு ஆண்ட்ராய்டு இரண்டாவது வேலி போட்டது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000-ல் திறந்த மூலமாக வெளியிட்ட எஸ்.இ.லினக்ஸ் என்ற காவல் முறை 2013-ல் ஆண்ட்ராய்டுக்குள் வந்தது. 2014-ல் வெளியான ஐந்தாம் பதிப்பில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதில் எண் 0-ஆக இருந்தாலும் எழுதிவைத்த பட்டியலில் இல்லாத வேலையைச் செய்ய முடியாது. 2015-ல் ஆறாம் பதிப்பு, கேமராவோ தொடர்புகளோ வேண்டுமென்றால் வேண்டும் நேரத்தில் நம்மிடம் கேட்டே ஆக வேண்டும் என்று செயலிகளைக் கட்டுப்படுத்தியது.

சுவர் உயர்ந்ததும் திருடர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் பணம், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. என்ற செயலிக் கோப்புகள் அந்த வகை. அவற்றுக்கு ரூட் தேவையே இல்லை. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓ.டி.பி. போய்விடும். இன்னும் கொடியது, அணுகல்தன்மை என்ற அனுமதியைக் கேட்பது. பார்வையற்றவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லவும் அவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் உருவாக்கிய நல்ல வசதி அது. முன்பின் தெரியாத செயலிக்கு அதைக் கொடுப்பது நம் கண்ணையும் விரலையும் கழற்றிக் கொடுப்பதற்குச் சமம். இப்படி மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

வெள்ளை நாயும் ஆரஞ்சுத் திரையும்

இப்போது ராஜபாளையத்துக்குப் போவோம். பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள ராஜபாளையம் நாயை 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையில் போட்டுப் பெருமைப்படுத்தியது. அதை வளர்த்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். எஜமானை அறிந்துவிட்டால் அவருக்காக உயிரைக் கொடுக்கும், அந்நியரை வாசற்படி ஏறவிடாது.

போனுக்குள்ளும் அப்படி ஒரு காவல் இருக்கிறது. போனை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது சில்லுக்குள்ளேயே பொறித்து வைத்த, யாராலும் மாற்ற முடியாத ஒரு சிறு நிரல். அது அடுத்து வரும், இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடரின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும். பூட்லோடர், இயங்குதளத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். இயங்குதளக் கோப்புகளை 4096 பைட் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணித ரேகை எடுத்து வைத்திருப்பார்கள். படிக்கும்போதெல்லாம் அந்த ரேகை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். போனை இரவில் யாராவது எடுத்து உள்ளே எதையாவது நுழைத்துவிட்டு வைத்தால், காலையில் அது குரைக்கும்.

ஆனால் இந்த நாய் யாரை எஜமானாக அறிகிறது? கடையிலிருந்து வரும்போது அது அறிந்த ஒரே வாசனை, போனைத் தயாரித்த நிறுவனத்தின் சாவி. காசு கொடுத்து வாங்கிய நாம் அதற்கு அந்நியர். அந்த அண்ணன் கேட்ட கேள்வியின் அடி இங்கேதான் இருக்கிறது.

பல போன்களில் பூட்லோடரைத் திறக்கலாம். திறந்தவுடன் போனில் உள்ள தகவல் எல்லாம் அழிந்துவிடும். திருடியவர் பூட்டைத் திறந்து நம் படங்களையும் செய்திகளையும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அதன்பிறகு போனை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் ஆரஞ்சு நிற எச்சரிக்கை வரும். நாயை அவிழ்த்து அனுப்பிவிட்டோம், இனி யார் வந்தாலும் குரைக்காது என்று அதற்குப் பொருள். பல வங்கிச் செயலிகள் அந்தப் போனில் ஓட மறுக்கும். ரூட் செய்வதற்கு வழக்கமாக முதல் படி இதுதான்.

எச்சரிக்கையில் இன்னொரு நிறமும் இருப்பது பலருக்குத் தெரியாது. மஞ்சள். பூட்லோடரைத் திறந்து, நாம் நம்பும் இயங்குதளத்தை வைத்து, அதன் சாவியைப் போனுக்கு அறிமுகப்படுத்திவிட்டு, மறுபடி பூட்டிவிடலாம். நாய் அப்படியே காவலில் நிற்கும், எஜமான் மட்டும் மாறியிருப்பார். கூகுளின் பிக்சல் போன்களில் கிராஃபீன்ஓஎஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் இப்படித்தான் இயங்குகிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் உரிமையையும் காவலையும் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். அந்த இயங்குதளம் ரூட் அதிகாரத்தைப் பயனருக்குத் தருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எஜமானாக இருப்பதற்கு 0 என்ற நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை.

வருத்தம் என்னவென்றால், நம் சாவியை ஏற்று மறுபடி பூட்டிக்கொள்ளும் போன்கள் மிகச் சில. நம் ஊர்க் கடைகளில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்துக்கு விற்கும் போன்களில் அதை எதிர்பார்க்க முடியாது. அவற்றில் இரண்டே வழிதான்: நிறுவனத்தின் நாய், அல்லது நாயே இல்லாத வீடு.

சென்னையிலிருந்து ஒரு முயற்சி

நம் மாநிலத்திலேயே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி. இயக்குநர் காமகோடி பாரோஸ் என்ற இயங்குதளத்தை அறிமுகப்படுத்தினார். ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலை அடித்தளமாகக் கொண்டு, ஐ.ஐ.டி.யின் பிரவர்த்தக் அறக்கட்டளையின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் அதை உருவாக்கியது. முன்கூட்டியே திணித்த செயலி எதுவும் அதில் இல்லை. அமைப்புகள் சரிபார்த்த செயலிகளைத் தனிக் கடை மூலம் பெற்றுக்கொள்ளலாம். ரகசியம் காக்க வேண்டிய அலுவலகங்களுக்காக முதலில் எண்ணப்பட்டது அது. அலுவலகப் போனின் சாவி அலுவலகத்திடம் இருப்பது பொருத்தம்தான். வேறு நாட்டு நிறுவனம் ஒன்றின் கையிலிருந்து இங்குள்ள அமைப்பின் கைக்கு அது வருவதற்கு வழி திறந்ததற்குக் காரணம், மூல நிரல் திறந்திருந்ததே. சொந்தப் போனின் சாவி சொந்தக்காரர் கைக்கு வருவது அடுத்த படி.

நிரலை எல்லாருக்கும் காட்டினால் திருடனும் படிப்பானே என்று கேட்பவர்கள் உண்டு. 1883-லேயே மறைகுறியீட்டு ஆய்வாளர் அகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் இதற்குப் பதில் எழுதிவிட்டார். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்திருந்தாலும், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் பூட்டு தாங்க வேண்டும். அமைப்பை மறைத்தால்தான் தாங்கும் என்றால் அது நல்ல பூட்டே அல்ல. அதற்காகத் திறந்திருப்பது மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். சாதாரணப் பயனரை ரூட்டாக்கிவிடும் டர்ட்டி கவ் என்ற பிழை, எல்லார் கண்முன்னும் இருந்த லினக்ஸ் நிரலில் 2007 முதல் 2016 வரை ஒன்பது ஆண்டுகள் கிடந்தது. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே போய்ப் பார்க்கும் கண்களும் வேண்டும். கண்டுபிடித்த பிழைக்குத் திருத்தம் நம் போன்வரை வந்து சேரவும் வேண்டும். திருத்தம் வராத பழைய போன், எந்தச் சாவி போட்டாலும் ஆபத்துதான்.

உரிமை பற்றிய பேச்சு இப்போது அரசு அமைப்புகள்வரை போயிருக்கிறது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, முன்கூட்டியே நிறுவிய தன் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. 2025 நவம்பர் இறுதியில் புதிய போன்களில் அரசின் சஞ்சார் சாத்தி செயலி கட்டாயம் இருக்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே கட்டாயத்தைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், அடையாளத்தைச் சரிபார்த்துக்கொண்ட நிரலாளர்களின் செயலிகளையே ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவ முடியும்படி செய்யப்போவதாகக் கூகுள் அறிவித்தது. மோசடி ஏ.பி.கே.க்களைத் தடுக்க அது உதவும். தன்னார்வலர்கள் எழுதித் தரும் கட்டற்ற செயலிகளின் வாசலையும் அது குறுக்கும். மூன்றிலும் கேள்வி ஒன்றே. காவல் வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. காவலுக்கு யார் உத்தரவிடுவது?

மறுபடியும் கடையில்

அந்த அண்ணன் போனை நாங்கள் ரூட் செய்யவில்லை. அமைப்புகளில் பில்டு நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டி, நிரலாளர்களுக்கான பகுதியைத் திறந்தோம். யூ.எஸ்.பி. வழி இணைப்புக்கு அனுமதி கொடுத்து, நண்பரின் கணினியோடு கேபிளில் இணைத்தோம். ஏ.டி.பி. வழியாக, தேவையில்லாத செயலிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்தப் பயனருக்கு இது வேண்டாம் என்று கட்டளையிட்டோம். ஒவ்வொன்றாக மறைந்தன. 2010-ல் சாவிக் கொத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்த அதே ஏ.டி.பி.தான். இன்றைக்கு அது 2000 என்ற எண்ணில் ஒழுங்காக உட்கார்ந்து அந்த வேலையைச் செய்கிறது.

செயலியின் மூலப் பிரதி பூட்டிய பகுதியில் அப்படியே இருக்கும். அதனால் கையொப்பம் கெடவில்லை, நாயும் குரைக்கவில்லை, வங்கிச் செயலியும் வழக்கம்போல ஓடியது. பெயர் தெரியாத ஒன்றைக் கண்மூடித்தனமாக நீக்கினால் போன் எழுந்திருக்காமல் போகலாம். அதனால் ஒவ்வொன்றும் என்ன என்று விசாரித்துவிட்டே நீக்கினோம். முடிந்ததும் யூ.எஸ்.பி. அனுமதியை மறக்காமல் அணைத்தோம்.

“அப்ப இது என் போன்தானா?” என்று சிரித்தபடி கேட்டார்.

“பாதி உங்க போனுண்ணே” என்றேன். “அடுத்த தடவ வாங்குறப்ப கடைக்காரர்கிட்ட கேமரா எத்தனைனு கேக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. இதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எத்தனை வருசம் வரும்? பூட்டத் திறந்து என் சாவியப் போட்டு மறுபடி பூட்ட முடியுமா?”

கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். நூறு பேர் கேட்டால் அவர் தன் விநியோகஸ்தரிடம் கேட்பார். அவர் நிறுவனத்திடம் கேட்பார். நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் அது யாரிடம் பழகியது என்று விசாரிக்காமல் காசை எடுப்பதில்லை. போனுக்கும் அந்த விசாரணையைத் தொடங்குவோம்.